காலடியில் போகும் விரயம்

"காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்; எப்படி மிதித்தால் பிறருக்கென்ன?" என்று குளுவாங் கடைத்தெருவில் ஓர் அன்பர் நம்மைக் கேட்டார். நியாயம் போலத்தான் தோன்றிற்று. ஆனால் 2025 செப்டம்பர் 30-ல் மானியமில்லாத ரோன் 95 லிட்டர் 2.60 வெள்ளி, அடையாள அட்டைக்கு நாம் கொடுத்தது 1.99. மீதி பொதுப்பணம். கார் இல்லாத ஏழையின் பங்கும் அதில் உண்டல்லவா? ஆற்றோரத்தில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று மதரஸாவில் ஓதியவர்கள் நாம்.

இனி, பயந்து பயந்து மிதிப்பதும் சிக்கனமாகிவிடாது. ஆயர் ஈத்தாம் வரை மூன்றாம் கியரிலேயே மெல்ல ஊர்ந்து போவோம், பேணுதல் என்று எண்ணி! நிய்யத்து நல்லதுதான், விவரம் போதவில்லை. மிதியை லேசாக அழுத்தினால் பெட்ரோல் இஞ்சினின் காற்றுவழி ஒடுங்கிவிடும். காற்றை இழுப்பதற்கே அது சக்தியைச் செலவழிக்கும். சுற்று கூடினால் உராய்வும் கூடும். ஆகவே ஓரளவு தாராளமாய் மிதித்து, சீக்கிரமே மேல் கியருக்குப் போய்ச் சுற்றைக் குறைக்க வேண்டும். இஞ்சின் திணறுமளவுக்கு அல்ல. சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டதும் கியரை விடாமல் காலை மட்டும் எடுத்தால், இக்கால இஞ்சின்களில் எண்ணெய் பாய்வதே நின்றுவிடும்.

அன்பருடையது ஆட்டோ கியர். தரையோடு அழுத்துகிறார், அதனால்தான் மேல் கியருக்கு ஏறாமல் தெருவெல்லாம் இரைகிறது.