திண்ணையில் இருந்த பிள்ளை



அன்புக்கொடி மக்களே, சில வருடங்களுக்கு முன் எங்கள் தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு சிறுவன் திண்ணையில் இருந்தான். வீட்டில் யாருமில்லை என்றான். நாமம் இட்டு, கஞ்சி வார்த்து, மூன்று நாள் வைத்திருந்தோம். தர்மம் என்றே நினைத்தோம். நான்காம் நாள் அவன் பாட்டி அழுதுகொண்டு வந்து நின்றாள். மூன்று நாளாய் ஊர் ஊராய்த் தேடியிருக்கிறாள்.

அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் அது, மறைத்தால் குற்றம். எங்களுக்கு அது தெரியாது. குழந்தைகள் நலக் குழு முதலில் சொந்தபந்தத்தைத் தேடும். வழியில்லாத பிள்ளையை, விசாரித்துப் பார்த்த ஒரு குடும்பத்தில் வளர்க்க விடும். இது தத்து அல்ல, நாளை பெற்றவர்களிடமே திரும்பலாம். செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அந்தப் பணத்தை நினைத்து யாரும் வர வேண்டாம்.

என்ன சாதிப் பிள்ளையோ என்று தயங்குபவர்கள் முத்திரிக்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாங்கலுக்கு ஒரு குடும்பமாவது நம்மில் கிடைக்காதா? மனமிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். தனியே போகக் கூச்சமென்றால் ஞாயிற்றுக்கிழமை பணிவிடைக்கு வரும்போது சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.