மீளும் துணிவு

தில்லியில் வாழும் தமிழர்க்கு மலையேற்றம் என்பது பெரும்பாலும் இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரின் படிகளோடு நின்றுவிடுகிறது. ஆயினும் வடக்கே ஓங்கி நிற்கும் இமயம் நம்மை அழைத்துக்கொண்டேயிருக்கிறது. ஆண்டுதோறும் கோடை நெருங்கும்போது நம் அலுவலகங்களில் யாரேனும் ஒருவர் ஈட்டிய விடுப்பைக் கணக்கிடத் தொடங்குவார். சேமநிதியில் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்ப்பார். கம்பளி உடையும் தடித்த காலணியும் வாங்குவார். கேதாரம் செல்வோர் உண்டு. அமர்நாத் செல்வோர் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாகக் கயிலை செல்வோரும் உண்டு. இவர்கள் வகுக்கும் பயணத் திட்டத்தில் முதல் நாள் எங்கே தங்குவது, இரண்டாம் நாள் எங்கே தங்குவது, கணவாயை எந்நாளில் கடப்பது என்பனவெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். எந்நிலை நேர்ந்தால் திரும்பிவிடுவது என்னும் வரி மட்டும் பெரும்பாலும் காணப்படாது.

அந்த ஒரு வரியைப் பற்றியே ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம். தொடங்கிய செயலை இடையில் விட்டு மீள்வது கோழைமையா? அன்றி, அதுவும் ஓர் அறமாகுமா?

முதலில் மலையின் இயல்பை அறிந்துகொள்வோம். தில்லி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 216 மீட்டர் உயரத்தில் உள்ளது. கயிலைப் பயணத்தில் கடக்க வேண்டிய லிபுலேக் கணவாயோ 5,000 மீட்டருக்கும் மேற்பட்டது. கயிலையை வலம் வரும் வழியிலுள்ள டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,600 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியளவே. ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயுவும் ஏறத்தாழப் பாதியே. உடல் இக்குறைவுக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் மெல்லத்தான் பழகும். ஆகவே, 3,000 மீட்டரைத் தாண்டிய பின் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும், மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஓய்வு கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த நெறி. இதனை மீறி விரைவோர்க்குத் தலைவலியும் குமட்டலும் உறக்கமின்மையும் தோன்றும். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலே சென்றால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை வீங்கலாம். இவற்றுக்குத் தலையாய மருந்து உடனே கீழே இறங்குவதுதான். தார்ச்சுலாவிலிருந்து லிபுலேக் நோக்கிச் செல்லும் சாலை 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின் கால்களின் உழைப்பு குறைந்தது. ஆனால் ஊர்தி விரைவதற்கேற்ப உடல் விரைந்து பழகுவதில்லை.

இதனினும் ஆழ்ந்த இடர் ஒன்று உண்டு. பிராணவாயு குறையும்போது உடலோடு அறிவும் தளர்கிறது. ‘நான் நலமாகத்தான் இருக்கிறேன்’ என்று ஒருவர் உயரத்தில் நின்று கூறும் சொல்லை முழுதும் நம்புவதற்கில்லை. துலாக்கோலே பழுதுபட்ட பின், எடை சரியா என்று அதே துலாக்கோலைக் கொண்டு எவ்வாறு அறிவது? ஆகவேதான் கணவாயின் மேல் எடுக்க வேண்டிய முடிவைச் சமவெளியிலேயே எடுத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குறித்த நேரத்துக்குள் கணவாயை எட்டாவிடில் திரும்புவது. தலைவலியோடு நடையும் தள்ளாடினால் இறங்குவது. மருத்துவரோ வழிகாட்டியோ ‘போதும்’ என்றால் வாதாடாமல் ஏற்பது. இவை திட்டத்தின் பின்னிணைப்பு அல்ல, திட்டத்தின் உயிர்நிலை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சமவெளியில் சொல் கொடுத்தவன் ஒருவன். கணவாயை அண்ணாந்து நோக்கி ஏங்கி நிற்பவன் மற்றொருவன் போல் ஆகிவிடுகிறான். முன்னவன் அச்சத்தால் எழுதியதற்குப் பின்னவன் ஏன் கட்டுப்பட வேண்டும்? கிரேக்கக் காவியத் தலைவன் ஒடிசியஸ், மயக்கும் பாடலைக் கேட்கப் போவதை முன்னறிந்து, தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் செய்தான். பின்னர்த் தானே அவிழ்க்கச் சொன்னாலும் அவிழ்க்கலாகாது என்றும் ஆணையிட்டான். தெளிவுடன் இருந்தபோது கொடுத்த சொல்லே அவனுடைய சொல். மயக்கம் பேசும் சொல்லை அவன் தன்னுடையதாகக் கொள்ளவில்லை. உயரத்திலும் நெறி இதுவே எனலாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1960-ஆம் ஆண்டில் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் முதல் இந்தியக் குழு எவரெஸ்ட் சென்றது. சிகரத்துக்குச் சுமார் 700 அடி கீழே கடுங்காற்று மறித்தது, மூவரும் திரும்பினர். 1962-இல் மேஜர் ஜான் டயஸ் தலைமையில் சென்ற குழுவினர் சுமார் 400 அடி எஞ்சியிருக்கையில் மீண்டனர். 1965-இல் எம். எஸ். கோலியின் தலைமையில் சென்ற குழுவில் ஒன்பதின்மர் சிகரத்தை அடைந்தனர். 1960-இல் திரும்பிய நவாங் கோம்புவும், இரு முறையும் திரும்பிய சோனம் கியாட்சோவும் அவ்வொன்பதின்மருள் அடங்குவர். தலைவர் கோலியும் 1962-இல் மீண்டவர்களுள் ஒருவரே. அன்று அவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால் 1965 என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால், பின்னால் வெற்றி கிட்டியதால்தான் மீண்டது சரி என்று கொண்டால், அறத்தைப் பயனால் அளந்தவராவோம். மீண்டவர் எல்லார்க்கும் மறுவாய்ப்பு வாய்ப்பதில்லை. ஷாக்கிள்டன் 1909-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் தென்துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் இருக்கையில் திரும்பினார். துருவத்தை அவர் பிற்காலத்திலும் அடையவில்லை. ஆயினும் அவருடன் சென்ற மூவரும் உயிரோடு மீண்டனர். அம்மூவரின் இல்லங்களில் இருந்தோரைக் கேட்டால், அவர் தோற்றார் என்று சொல்லியிருப்பார்களா?

‘என் உயிர் என்னுடையது, அதனைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லையா?’ என்று வினவுவார் உண்டு. தனித்து வாழ்பவன் தனித்து ஏறினால் ஒருவேளை அவ்வாறு வாதிடலாம். கணவாய்ப் பாதையில் ஒருவர் விழுந்தால் அவரைச் சுமப்பவர் யார்? மட்டக்குதிரை ஓட்டுபவர், சுமைதூக்குபவர், எல்லைக் காவல் படை வீரர் ஆகியோரே. கூலிக்காக வந்த ஏழைத் தொழிலாளி, நம் பிடிவாதத்தின் பொருட்டுப் பனியில் இறங்க நேரும். நாம் பணயம் வைப்பது நம் உயிரை மட்டுமன்று, அவருடைய உயிரையும்தான். திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் தன் வலிமையோடு துணையின் வலிமையையும் எடைபோடச் சொல்வது ஈண்டு நினைக்கத் தக்கது. துணை என்பது நாம் பயன்படுத்தும் கருவி அன்று; நம்மால் காக்கப்பட வேண்டிய பொறுப்புமாகும்.

அன்பர் சிலர் இங்கே மறுப்புக் கூறக்கூடும். ‘அப்பரடிகள் கயிலைக்குச் சென்றபோது கால் தேய்ந்தது, கை தேய்ந்தது, மார்பு தேய்ந்தது. திரும்பிச் செல் என்ற முனிவரிடம் மீளேன் என்றுதானே உரைத்தார்?’ எனலாம். உண்மையே. ஆயின் சேக்கிழார் பெருமான் காட்டும் மற்றொன்றையும் நோக்க வேண்டும். உடன் வந்த அடியவரைக் காசியிலேயே விடுத்து அவர் தனியே சென்றார். தம் உறுதியின் சுமையைப் பிறர் தோளில் ஏற்றவில்லை. இறுதியில் ஆணை பிறந்தபோது அவரும் மீண்டார். பொய்கையில் மூழ்கியவர்க்குக் கயிலைக் காட்சி கிடைத்தது காவிரிக் கரைத் திருவையாற்றில் அன்றோ! ஆடி அமாவாசையன்று ஆண்டுதோறும் அங்கே கொண்டாடப்படுவது, மலையுச்சியை எட்டாத ஒருவர் பெற்ற காட்சியே.

1981-ஆம் ஆண்டு முதல் நம் வெளியுறவு அமைச்சகம் கயிலைப் பயணத்தை நடத்தி வருகிறது. இடையே 2020 முதல் நின்றிருந்த பயணம் 2025-இல் மீண்டும் தொடங்கியது. தில்லியில் ஒரு மருத்துவச் சோதனை உண்டு. லிபுலேக் வழியில் குஞ்சியில் மறுசோதனையும் உண்டு. எல்லைக்கு அப்பால் இறக்க நேர்ந்தால் உடலை அங்கேயே எரியூட்டுவதற்கு இசைவளிக்கும் தாளிலும் பயணியர் கையொப்பமிடுகின்றனர். கோப்புகளோடு வாழும் நமக்குக் கையொப்பத்தின் கனம் தெரியும். இறப்புக்கு இசைந்து கையொப்பமிடுபவர், மீள்வதற்கும் மனமார இசைந்து தமக்குத் தாமே ஒரு தாள் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் குற்றம் முழுவதும் பயணியருடையது என்று சொல்வதற்கில்லை. தலைவலியை மறைத்து மேலே செல்பவர் ஏன் மறைக்கிறார்? பல்லாண்டுச் சேமிப்பு வீணாகுமே என்பது ஒரு காரணம். மாலையிட்டு வழியனுப்பிய நம் முன்னால் பாதி வழியில் திரும்பி வந்து எவ்வாறு நிற்பது என்னும் நாணம் மற்றொன்று. அந்நாணத்தை அவர் நெஞ்சில் விதைப்பவர் நாமே. ‘கொடுத்து வைக்கவில்லை’ என்று நாம் இரங்கிச் சொல்லும் ஒரு சொல், அடுத்த ஆண்டு செல்பவரை ஆபத்தில் தள்ளக்கூடும். ஆகவே பயணத் திட்டத்தின் இறுதி வரியை வழியனுப்பும் சுற்றமும் நட்புமே எழுத வேண்டும். ‘நீர் எங்கிருந்து திரும்பி வந்தாலும் இதே மாலையோடு நிலையத்தில் நிற்போம்’ என்று புறப்படும் முன்பே நாம் அவரிடம் கூறிவிடுவோமாக.