பணியிடமும் வாழ்விடமும்

ஒருவர் எந்த ஊரில் வீடு பார்க்கிறார், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கிறார், வயதான பெற்றோருக்கு எவ்வளவு தொலைவில் குடியிருக்கிறார் என்பவற்றைப் பெரும்பாலும் அவருடைய வேலையே முடிவு செய்கிறது. ஆகவே, வேலை தருபவர் விரும்பியபோது மாற்றக்கூடிய ஒரு நிபந்தனையை நம்பி வாழ்வின் எந்தெந்தப் பகுதிகளை அமைத்துக்கொள்ளலாம் என்பது சம்பளத்தில் வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய கேள்வியாகிறது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் கையொப்பமிட்ட ஒரு குறிப்பாணை, அந்நாட்டுக் கூட்டாட்சி அரசின் ஊழியர்களை இக்கேள்விக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது. தொலைவிலிருந்து பணிபுரியும் ஏற்பாடுகளை முடித்துக்கொண்டு ஊழியர்கள் முழுநேரமும் தத்தம் பணிநிலையத்துக்கு நேரில் வரவேண்டும் என்றும், தேவை எனக் கருதும் விலக்குகளைத் துறைத் தலைவர்கள் அளிக்கலாம் என்றும் சில வரிகளிலேயே அது சொல்லி முடித்தது.

அந்தச் சில வரிகள் யாரைத் தொட்டன என்பதை அறிய, அந்நாட்டு நிர்வாகம் பிரித்துப் பார்க்கும் இரண்டு ஏற்பாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலுமாக வேலை செய்வது தொலைப்பணி. அலுவலகத்துக்கு வழக்கமாக வரவேண்டிய கட்டாயமே இல்லாமல், வசிக்கும் இடத்தையே பணிநிலையமாகக் கொண்டு வேலை செய்வது தொலைநிலைப் பணி. கொரோனாக் காலம் இரண்டையும் பெருக்கியது உண்மைதான் என்றாலும், அவை கொரோனாவோடு பிறந்தவை அல்ல. 2010 பிப்ரவரியில் வாஷிங்டனைப் பனிப்புயல்கள் முடக்கி, கூட்டாட்சி அலுவலகங்கள் நாள்கணக்கில் மூடிக்கிடந்த பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் தொலைப்பணி மேம்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய பணிமுறைக்கு ஒவ்வொரு துறையும் கொள்கை வகுக்க வேண்டும் என்று நாடாளுமன்றமே அதில் பணித்திருந்தது. 2024 ஆகஸ்டில் வெளியான அரசின் கணக்குப்படி, ஏறத்தாழ 22 லட்சத்து 80 ஆயிரம் குடிமைப் பணியாளர்களில் தொலைநிலைப் பணியில் இருந்தவர்கள் பத்தில் ஒருவர், அதாவது சுமார் 2 லட்சத்து 28 ஆயிரம் பேர். மருத்துவமனைச் செவிலியர், விமான நிலையப் பாதுகாப்புச் சோதகர், சிறைக்காவலர் எனப் பாதிக்கும் மேற்பட்டோர் எப்போதும் பணியிடத்தில்தான் இருந்தார்கள். அரசு ஊழியர் எல்லோரும் வீட்டில் முடங்கிக்கிடந்தார்கள் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் ஆதாரமில்லை.

அமெரிக்க அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் பணி நியமனம், இடமாற்றம், ஊதிய மாற்றம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் எஸ்.எஃப்.-50 என்றொரு படிவம் உண்டு. அதில் பணிநிலையம் எனும் கட்டத்தில் நகரின் பெயர், வட்டாரம், மாநிலம் ஆகியவை எழுதப்படும். அந்தக் கட்டத்தில் எழுதப்படும் ஊர் ஊதியத்தையும் நிர்ணயிக்கிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் தனியார் துறை ஊதியம் வேறுபடுவதை ஒட்டி அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துத் தரப்படும் இடஞ்சார் ஊதியம், 2025ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சுமார் 46 விழுக்காடாகவும், வாஷிங்டனில் சுமார் 34 விழுக்காடாகவும், தனி வட்டாரமாக வகுக்கப்படாத சிற்றூர்களில் சுமார் 17 விழுக்காடாகவும் இருந்தது. எனவே, தலைநகரை விட்டுத் தொலைநிலைப் பணியாளராகச் சொந்த ஊருக்குப் போனவர், சலுகையை இலவசமாகப் பெறவில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, தம் ஊரைப் படிவத்தில் ஏற்றிக்கொண்டார். அந்த ஒப்புதலை நம்பித்தான் அங்கே வீட்டுக்கடன் வாங்கினார். அவருடைய துணைவரும் அங்கேயே வேலை தேடிக்கொண்டார். குறிப்பாணை வந்த இரண்டாம் நாளே பணியாளர் நிர்வாக அலுவலகம் விடுத்த வழிகாட்டுதலோ, பணிநிலையம் எந்தத் துறை அலுவலகத்துக்கும் 50 மைலுக்குள் இல்லையென்றால், பணியின் தன்மைக்குப் பொருத்தமான அலுவலகத்துக்கு அதை மாற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. படிவத்தில் ஒரு கட்டத்தைத் திருத்துவது எளிது. அக்கட்டத்தைச் சுற்றி எழுந்த குடும்பம் அவ்வளவு எளிதாகப் பெயர்வதில்லை.

நேரில் வந்தால்தான் வேலை நடக்கும் என்பவர்கள் காப்புரிமை அலுவலகத்தின் அனுபவத்தை ஆழ்ந்து பார்க்க வேண்டும். கண்டுபிடிப்புகளுக்கு உரிமை கோரும் விண்ணப்பங்களைப் படித்து, முன்பே அத்தகைய ஒன்று இருந்ததா என்று தேடி, முடிவை எழுதும் ஆய்வாளர்களின் வேலை தனித்து உட்கார்ந்து செய்வது. முடித்த விண்ணப்பங்களைக் கொண்டு அளக்கப்படுவது. அவ்வலுவலகம் 1990களிலேயே வீட்டுப்பணியைச் சோதித்துப் பார்த்தது. 2012இல் தொடங்கிய திட்டத்தின்படி, வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியாவில் உள்ள தலைமையகத்துக்கு வழக்கமாக வந்துபோகும் கட்டாயம் நீங்கி, ஆய்வாளர்கள் நாட்டின் எப்பகுதியிலும் குடியேற முடிந்தது. வீட்டுப்பணியிலிருந்து இந்த முறைக்கு மாறியவர்களின் வேலை அளவு 4.4 விழுக்காடு உயர்ந்தது என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

அதே அலுவலகத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மேல்முறையீட்டு வாரியத்தில் வீட்டிலிருந்து பணிபுரிந்த சட்ட உதவியாளர்கள் ஆண்டுக்கணக்கில் போதிய வேலையின்றி முழு ஊதியம் பெற்றார்கள் என்றும், அதனால் 50 லட்சம் டாலருக்கு மேல் வீணானது என்றும் 2014இல் அதன் தாய்த் துறையான வணிகத் துறையின் தலைமை ஆய்வு அதிகாரி அறிக்கை தந்தார். ஆனால் அவ்வறிக்கையைக் கருத்தோடு படிப்பவருக்கு ஒன்று புலப்படும்: வேலை வந்து சேரவில்லை என்பது மேலதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது. வேலையைப் பகிர்ந்து தராத நிர்வாகம், அந்த ஊழியர்களை அலுவலக நாற்காலியில் உட்கார வைத்திருந்தாலும் அதே பணத்தைத்தான் வீணாக்கியிருக்கும். ஆள் கண்ணில் படுகிறார் என்ற நிறைவு மட்டுமே கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

திரும்ப அழைப்பதற்கு நியாயமே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2023இல் ஆராய்ந்த 24 துறைகளில் 17 துறைகள், தம் தலைமையகக் கட்டடங்களின் கொள்ளளவில் சராசரியாகக் கால் பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் பயன்படுத்தி வந்தன. அந்தக் கட்டடங்களின் பராமரிப்புச் செலவு குடிமக்களின் வரிப்பணம். புதிதாகச் சேர்ந்த இளைஞர் மூத்தவரின் அருகில் அமர்ந்து கோப்பு எழுதக் கற்பதும் திரை வழியாக முழுமையாக வாய்ப்பதில்லை. பணிமுறையை மாற்றும் உரிமை அரசுக்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. உரிமையை எந்த நோக்கத்தோடும் எவ்வளவு அவகாசத்தோடும் பயன்படுத்துகிறது என்பதில்தான் ஓர் அரசின் பண்பு தெரியும்.

அந்த நோக்கம் மறைவாக இருக்கவில்லை. வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச்சொன்னால் ஊழியர்கள் அலையலையாகத் தாமே விலகுவார்கள், அது வரவேற்கத்தக்கது என்ற கருத்தை, அரசுச் செலவைக் குறைக்கும் பொறுப்புக்கு டிரம்ப் தேர்ந்தெடுத்திருந்த எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் 2024 நவம்பரிலேயே ஒரு நாளிதழ்க் கட்டுரையில் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். குறிப்பாணை வந்த எட்டாம் நாள், இப்போதே விலகச் சம்மதிப்பவர்களுக்குச் செப்டம்பர் 30 வரை ஊதியம் உண்டு என்று கூறும் மின்னஞ்சல் ஊழியர்களுக்குப் போனது. விடை சொல்ல முதலில் குறித்த கெடு பிப்ரவரி 6. நீதிமன்றத் தலையீட்டால் சில நாள் தள்ளிப்போய்ப் பிப்ரவரி 12இல் அது முடிந்தபோது, ஏறத்தாழ 75,000 பேர் விலக இசைந்திருந்தார்கள். வீட்டை விற்பதா, துணைவர் தம் வேலையை விடுவதா, கல்வியாண்டின் நடுவில் பிள்ளையைப் பள்ளி மாற்றுவதா, தாயை யார் பொறுப்பில் விடுவது என்பவை, நன்றாக வாழும் ஒரு குடும்பத்திலேயே மாதக்கணக்கில் பேசி, சண்டையிட்டு, மீண்டும் பேசி முடிவெடுக்கும் காரியங்கள். அவற்றுக்கு ஒன்பது நாள் கொடுப்பது அவகாசம் ஆகாது. திரும்பிச் சென்றவர்களிலும் பலர், உடன்பணியாற்றும் குழுவினர் வேறு வேறு ஊர்களில் இருந்ததால், அலுவலக மேசையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருந்தபோது கலந்துகொண்ட அதே காணொளிக் கூட்டங்களில்தான் கலந்துகொண்டார்கள்.

இந்த ஆணைக்கு அரசே அளித்த ஒரு விலக்கு சிந்திக்கத்தக்கது. மாற்றுத்திறன், மருத்துவக் காரணம் ஆகியவற்றோடு, படைவீரரின் கணவனோ மனைவியோ அரசு ஊழியராக இருந்தால் அவருக்கும் விலக்கு உண்டு என்று வழிகாட்டுதல் கூறியது. படைவீரர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றப்படுவதால், உடன் செல்லும் துணைவரின் வேலை ஒவ்வொரு முறையும் அறுந்துபோகக் கூடாது என்பதே அதன் காரணம். மிகவும் நியாயமான காரணம். இரண்டு பேரின் கடமைகள் இரண்டு ஊர்களில் இருக்கும்போது குடும்பம் பிளவுபடாமலிருக்க வேலை சற்று வளைந்துகொடுக்கலாம் என்பதை அந்த விலக்கின் மூலம் அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. நோயுற்ற தாயோடு சிற்றூரில் இருந்தபடி, குறைந்த ஊதியத்துக்கு ஒப்புக்கொண்டு, தன் வேலையைக் குறைவின்றிச் செய்துவந்த ஓர் ஊழியருக்கும் அதே நியாயம் பொருந்தும். அவர் விண்ணப்பத்துக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் அதே குறிப்பாணையின்படி அவருடைய துறைத் தலைவரின் கையில் இருந்தது.