நம்பிக்கை இல்லையா, அய்யா?

உங்கள் வீட்டுக்குத் தளம் போடுகிற கொத்தனாரை எதிரே வைத்துக்கொண்டு, 'இந்தக் கலவையை லேபுக்கு அனுப்பிப் பார்க்கணும்' என்று உங்களால் சொல்ல முடியுமா?

என்னால் முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாதசுவாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பெரியப்பா மகன் வீடு கட்டினார். கீழே அண்ணன் குடும்பம், மேலே வாடகைக்கு. தளம் போடுகிற அன்று நானும் போயிருந்தேன். கலவை மெஷின் சத்தம், சட்டி கைமாறும் வேகம், பின்கட்டில் கறிச்சோற்று வாசனை. நடுவே ஓர் இளம் இன்ஜினீயர், அண்ணன் மகனின் சிநேகிதர், மூன்று இரும்பு அச்சுகளோடு வந்து நின்றார். "மூணு க்யூப் போட்டுக்கறேன் சார்" என்றார்.

விஷயம் எளிமையானது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 15 சென்டிமீட்டர் உள்ள அச்சில் அதே கலவையை நிரப்புவார்கள். இறுகியதும் எடுத்துத் தண்ணீரில் போட்டுவைத்து, 28-ம் நாள் மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எம்-20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கவேண்டும். அதாவது அந்தச் சின்னக் கட்டி சுமார் 46 டன் சுமை வரை உடையக் கூடாது.

கொத்தனார் முகம் சுருங்கிவிட்டது. "முப்பது வருசமா கட்டுறேன், ஒரு வீடு விழுந்திருக்கா? ஆண்டாள் கோயில் கோபுரத்தை எந்த லேபுல டெஸ்ட் பண்ணிக் கட்டுனாக? எம்மேல நம்பிக்கை இல்லையா, அய்யா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "விடுங்க தம்பி, நம்ம ஆளுதான்" என்றார் அண்ணன். அச்சுகள் காலியாகவே திரும்பிப் போயின.

அன்று அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

கோபுர வாதத்தையே எடுத்துக்கொள்வோம். பதினோரு நிலைகளோடு 192 அடி உயரத்தில் நிற்கிறது, உண்மை. ஆனால் நிற்கிற கோபுரம்தானே நம் கண்ணில் படும்? கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய காளஹஸ்தி ராஜகோபுரம் கிட்டத்தட்ட ஐந்நூறு வருடம் நின்றது. விரிசல் விட்டு, 2010 மே 26 அன்று சரிந்தது. இத்தனை நாள் விழவில்லை என்பது இனியும் விழாது என்பதற்குச் சாட்சி ஆகாது.

சென்னை போரூர் பக்கம் மௌலிவாக்கம் ஞாபகம் இருக்கிறதா? 2014 ஜூன் 28. கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மாலை மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்தார்கள். கட்டியவர்கள் தரப்பில் இடி விழுந்தது என்றார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தையும் 2016 நவம்பர் 2-ம் தேதி வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளிகள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அந்தக் கலவையையோ கம்பியையோ அஸ்திவாரத்தையோ நம்பலாமா கூடாதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது இது: ஆடிட்டர் வருவது கணக்கு எழுதுகிறவரைத் திருடன் என்று சொல்ல அல்ல. அந்த ஆபீஸ் பக்கமே வராத பங்குதாரருக்காக. கட்டடத்திலும் அதே கதைதான். வெயிலில் கலவை இறுகுகிறது என்று ஒரு குடம் தண்ணீர் கூட ஊற்றினால் வேலை சுலபம், பலம் குறைவு. அதற்குக் கெட்ட மனசு வேண்டியதில்லை, வெயில் போதும். மணலில் மண் கலந்திருக்கலாம், சிமெண்ட் பழசாக இருக்கலாம். கொத்தனாரின் நேர்மையை அந்த மெஷின் அளப்பதில்லை. கலவையை மட்டும்தான் அளக்கிறது.

சொல்லப்போனால் அது கொத்தனாருக்கும் காவல். நாளைக்கு விரிசல் விட்டால் டிசைன் போட்டவர், மணல் இறக்கியவர் எல்லோரும் அவரைத்தான் கை காட்டுவார்கள். அப்போது அவர் பக்கம் பேச அந்த மூன்று க்யூப்தான் இருக்கும்.

சோதனையிலும் ஏமாற்றலாமே என்பீர்கள். ஏமாற்றலாம். க்யூபுக்கு மட்டும் சிமெண்ட்டை அள்ளிப் போட்டுத் தனிக் கலவை போடுகிற வித்தையும் உண்டு. அது பரீட்சைக்கு வேறு ஆளை அனுப்புகிற மாதிரி. பாஸ் ஆகிறது க்யூப், வீடு அல்ல. அதனால்தான் அச்சை நிரப்பும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனேன். மாடியில் வாடகைக்கு வந்திருக்கும் குடும்பத்தின் சின்னப் பெண் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தாள். "பாத்தியா, கல்லு மாதிரி இருக்கு. அடுத்த வருசம் இன்னொரு மாடி எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார் அண்ணன். கல் மாதிரியே இருக்கலாம். ஆனால் அது எங்கள் இருவருக்குமே தெரியாது. அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவுக்கும் தெரியாது. நாங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியின் மேல் மாதாமாதம் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார்கள்.

"முதல்ல இந்தத் தளத்தையும் தூணையும் டெஸ்ட் பண்ணிடலாம்ணே. கட்டின வீட்டுலயும் கொஞ்சம் குடைஞ்சு எடுத்துப் பாக்கலாம்" என்றேன்.

"கொத்தனார் என்னடா நெனப்பாரு?"

நினைக்கட்டும். நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வீடு, என் கொத்தனார், நான் நம்புகிறேன் என்பது சரி. மாடியில் ஓடுகிற அந்தக் குழந்தைக்கும் சேர்த்து நம்ப எனக்கு யார் உரிமை கொடுத்தது?