பிறக்காத பிள்ளைக்காகத் தாய் கத்திக்கு உடன்பட வேண்டுமா?

 

மாங்காட்டில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஸஃப்புகள் கலைந்துகொண்டிருந்தன. ஓர் இளைஞர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவிக்கு அஞ்சாம் மாத ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். குழந்தையின் முதுகுத்தண்டு ஓரிடத்தில் மூடாமல் திறந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறந்த பிறகு ஆபரேஷன் செய்யலாம். பிறப்பதற்கு முன்பே, தாயின் கர்ப்பப்பையைத் திறந்து செய்யும் முறையும் சில இடங்களில் உண்டு என்றும் சொல்லியிருக்கிறார். இளைஞர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், இதைச் செய்துகொள்வது அவள் மீது கடமையா?"

கேள்வி "அவள்" மீது வந்து நின்றதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். கருவிலிருக்கும் குழந்தைக்கு வைத்தியம் செய்வது நேற்று வந்த புதுமை அல்ல. 1963-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி என்ற மருத்துவர், ரத்தம் சேராத பிரச்சினையால் வயிற்றுக்குள்ளேயே வாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு ரத்தம் ஏற்றினார். 1981-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் கர்ப்பப்பையைத் திறந்து குழந்தைக்கு ஆபரேஷன் செய்தார்கள். நம் நாட்டில் 2023 மார்ச் மாதம் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 28 வயதுத் தாய். அதற்கு முன் மூன்று கர்ப்பங்களை இழந்தவர். வயிற்றிலிருந்த குழந்தையின் இதயம் ஒரு திராட்சைப் பழ அளவு. அந்த இதயத்தின் வால்வு அடைபட்டிருந்தது. தாயின் வயிற்றின் வழியாக ஊசியைச் செலுத்தி, குழந்தையின் இதயத்துக்குள் பலூனைக் கொண்டுபோய் அடைப்பைத் திறந்தார்கள். 90 விநாடிகளில் முடிந்தது. எல்லோரும் டாக்டர்களைப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். மூன்று பிள்ளைகளை இழந்துவிட்டு நான்காவதற்காக அந்த ஊசிக்கு வயிற்றைக் காட்டியவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதவில்லை.

முதுகுத்தண்டு விஷயத்தில் 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு முக்கியமானது. 183 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கருவிலேயே ஆபரேஷன், மற்றவர்களுக்குப் பிறந்த பிறகு. தலையில் நீர் சேர்ந்து அதை வடிக்கக் குழாய் வைக்க வேண்டிய நிலை, பிறந்தபின் செய்தவர்களில் 82 சதவீதம். கருவிலேயே செய்தவர்களில் 40 சதவீதம். இரண்டரை வயதில் பிடிமானமில்லாமல் தானாக நடந்த பிள்ளைகள் 21 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். நல்ல பலன்தான். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அப்போதும் அப்படி நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பல பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். தாய்மார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிரசவ நேரத்தில் கர்ப்பப்பையின் தையல் மெலிந்தோ பிரிந்தோ இருந்தது. அந்தப் பிரசவமும், பின்னால் வரும் ஒவ்வொரு பிரசவமும் சிசேரியன்தான். பலன் பிள்ளைக்கு, காயம் தாய்க்கு. அந்தத் தாய்க்கோ எந்த நோயும் இல்லை.

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஷரீஅத்தில் என்ன மதிப்பு? ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளின் சிசு இறந்தது. அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அண்ணலார் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். உண்ணாத, குடிக்காத, குரல்கூட எழுப்பாத ஒன்றுக்கா ஈடு என்று ஒருவர் அடுக்குமொழியில் வாதாடினார். குறிகாரனைப் போலப் பேசுகிறார் என்று அவரைக் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் சம்பவம் இது. தகப்பன் இறந்தால் கருவிலிருக்கும் பிள்ளையின் வாரிசுப் பங்கை நிறுத்திவைக்கிறோம். நான்கு மாதம், அதாவது 120 நாள் கடந்து ரூஹு ஊதப்பட்ட பிறகு அதன் நிலை இன்னும் கனமானது. டாக்டர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து வாரத்தை எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் 120 நாள் என்பது சுமார் 19 வாரம். நான் சொன்ன ஆய்விலும் 19 வாரம் முதல் 26 வாரத்துக்குள்தான் ஆபரேஷன் செய்தார்கள். ஆக, கத்தி போவது ரூஹு உள்ள ஒரு பிள்ளையிடம்.

கர்ப்பிணியாகவே இறந்துபோன தாயின் வயிற்றில் உயிருள்ள பிள்ளை இருந்து, அது பிழைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தால், வயிற்றைக் கீறி எடுக்க வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி இமாம்களும் அனுமதித்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுச் சிலர், "இறந்தவளுக்கே அப்படியென்றால் உயிரோடிருப்பவள் ஏன் மறுக்க வேண்டும்?" என்று கேட்கக்கூடும். இந்த கியாஸ் தவறு. இறந்தவருக்கு இழக்க உயிர் இல்லை. உயிரோடிருப்பவருக்கு உயிரும் உண்டு, வலியும் உண்டு, வீட்டில் "உம்மா" என்று அழைக்கும் இன்னொரு பிள்ளையும் இருக்கலாம்.

சூரத்துல் பகராவின் 233-ஆம் வசனம் பாலூட்டும் சட்டத்தைப் பேசும்போது, பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கும் தீங்கு நேரக்கூடாது, தந்தைக்கும் தீங்கு நேரக்கூடாது என்ற கருத்தைச் சொல்கிறது. பிறந்த பிள்ளையின் பசி விஷயத்திலேயே தாயைக் கசக்கிவிடாதீர்கள் என்று சொல்லும் மார்க்கம், பலன் உறுதியில்லாத ஓர் அறுவைக்கு அவளைக் கட்டாயப்படுத்துமா? வைத்தியம் செய்துகொள்வது சுன்னத், நிச்சயமான பலன் இல்லாதபோது அது கடமையாகாது என்பது ஃபுகஹாக்களில் பெரும்பாலோரின் பொதுவான வழி. தன் சொந்த நோய்க்கே அப்படியென்றால், இன்னோர் உயிருக்காகத் தன் உடலைக் கொடுப்பதை வாஜிப் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஆகவே அந்த இளைஞரிடம் சொன்னேன்: உங்கள் மனைவி மீது இது கடமை இல்லை. மனமொப்பிச் செய்தால் பெரும் நன்மை. மறுத்தால் பாவி இல்லை. நீங்களோ உங்கள் தாயாரோ "பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா?" என்று கேட்கக்கூடாது. அதேபோல், "இது போகட்டும், அடுத்தது பார்த்துக்கொள்ளலாம்" என்றும் யாரும் சொல்லக்கூடாது. மூன்றாம் வீட்டுப் பெண் ஆறுதல் என்று நினைத்துத்தான் இதைச் சொல்வார். ஆனால் உள்ளே அசைந்துகொண்டிருப்பதை ஓர் எண்ணிக்கையாக்கிப் பேசும் அந்த வார்த்தை கத்தியைவிட ஆழமாகப் போகும்.

கடமை உங்கள் மீது இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சூரத்துத் தலாக்கில், தலாக் சொல்லப்பட்ட மனைவி கர்ப்பிணியாக இருந்தால் பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். உறவே அறுந்த பிறகும் தகப்பனின் பொறுப்பு பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இருக்கிறது என்றால், கூடவே வாழ்கிறவருக்கு? மனைவியின் மருந்துச் செலவு கணவன் மீது இல்லை என்று பழைய கிதாபுகளில் இருப்பதைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். இது உங்கள் பிள்ளையின் வைத்தியம். வண்டியை விற்க வேண்டுமா, பைத்துல்மாலில் கேட்க வேண்டுமா, கேளுங்கள், வெட்கமில்லை. இரண்டு டாக்டர்களிடமாவது கேளுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் காதில் விழும்படி கேளுங்கள்.

மூஸா (அலை) அவர்களின் தாயாரை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைக் காப்பாற்ற, பிள்ளையையே ஆற்றில் விட வேண்டியிருந்தது. அவர்களுக்கு அல்லாஹ்வின் வாக்குறுதி இருந்தது. அப்படியிருந்தும் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டதாக சூரத்துல் கஸஸ் கூறுகிறது. வாக்குறுதி உள்ளவருக்கே அப்படி. சதவீதக் கணக்கு மட்டும் கையில் உள்ள நம் சகோதரியின் உள்ளம் என்ன பாடுபடும்? அங்கே கரையோரமாக அக்கா ஒருத்தி பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தாள் என்பதையும் குர்ஆன் விட்டுவிடவில்லை. ஆபரேஷனுக்குப் பின் பிரசவம் வரை பல வாரங்கள் ஓய்விலேயே இருக்க வேண்டிவரும். அந்த அக்காவின் இடத்தில் யார் நிற்பது என்று குடும்பம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

திருமணமாகவிருக்கும் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு இடையில் ஒரு வார்த்தை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை இந்த முதுகுத்தண்டுக் குறையை எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்குத் தடுக்கிறது. கரு உருவாகி நான்கு வாரத்துக்குள் அந்த இடம் மூடிவிட வேண்டும். பலருக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது. அதனால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே சாப்பிட வேண்டும். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார்களிடம், "நீ மாத்திரை போடாததால்தான்" என்று சொல்லும் உரிமை இதனால் யாருக்கும் வந்துவிடாது.

இளைஞர் எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மனைவி கொடுத்தனுப்பியதாம். அதில் கடமையா என்ற கேள்வியே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு குனியக்கூடாது என்கிறார்கள், ருகூவும் ஸுஜூதும் எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்டிருந்தார்.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் (ஸல்) காட்டிய வழி இருக்கிறது: நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து. தலையால் சைகை போதும். ஸுஜூதுக்கு ருகூவைவிடச் சற்று அதிகமாகத் தாழ்த்தட்டும். அதையும் டாக்டர் வேண்டாமென்றால் கண்ணால் சைகை செய்யட்டும். அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.