உறங்குவதற்கு முந்தைய நொடி

அம்மா கிள்ளானில் தனியாக இருக்கிறார். நான் பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில். போன மாதம் ஓர் இரவு, போனைச் சைலண்டில் போடப் போகும்போது அவர் பெயர் திரையில் வந்தது. பார்த்தேன். பார்த்தும் போட்டுவிட்டேன். காலையில் கேட்டார்: "தூங்கிட்டியாய்யா?"

"ஆமாம்மா."

வீட்டில் கரண்ட் ட்ரிப் ஆகி, எந்தச் சுவிட்சைத் தூக்குவது என்று தெரியாமல் விடியும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நான் சொன்னது பொய்யா? அப்போது கிட்டத்தட்ட தூங்கத்தானே போனேன்?

எனக்கு வேலை, லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதுவது. கெர்னல் ஒவ்வொரு கருவியிடமும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது: கணினியை எழுப்பும் திறன் இருக்கிறதா, எழுப்ப அனுமதி இருக்கிறதா. பவர் பட்டன், கீபோர்ட் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான கருவிகளுக்குத் திறன் இருந்தாலும் தொடக்கத்தில் அனுமதி கிடையாது. நியாயம்தான். கண்டதெல்லாம் எழுப்பினால் பேட்டரி தாங்காது.

சிக்கல் வேறு இடத்தில். உறங்க முடிவெடுத்ததற்கும் உண்மையில் உறங்கியதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதில் வரும் அழைப்பு தொலைந்துபோகலாம். 2010இல் ரஃபேல் வைசாக்கி இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார். இதுவரை எத்தனை முறை எழுப்பப்பட்டோம் என்ற எண்ணை முதலில் படிக்க வேண்டும். உறங்கப்போகும் முன் அதே எண்ணைத் திருப்பி எழுத வேண்டும். இடையில் ஒன்று கூடியிருந்தால் கெர்னல் அதை ஏற்காது. கைவிடப்படுவது உறக்கம்தான், அழைப்பு அல்ல.

இதை நண்பனிடம் சொன்னேன். "அப்படின்னா எவனும் தூங்கவே முடியாதுடா" என்றான். அதுவும் உண்மை. ஏதோ ஒரு செயலி வேக்லாக்கைப் பிடித்துக்கொண்டு விடாமலிருந்தால் ஆண்ட்ராய்ட் போன் விடிவதற்குள் செத்துவிடும். மனிதனும் அப்படித்தான்.

ஆனால் கெர்னல் நம்மை எப்போதும் விழித்திருக்கச் சொல்லவில்லை. உறங்கிவிட்டவனைக் குற்றம் சொல்வதும் இல்லை. கண்ணை மூடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள், அவ்வளவுதான் கேட்கிறது. நான் பார்த்தேன். எண் கூடியிருந்தது எனக்குத் தெரியும்.

பொய்தான்.

அந்த ஞாயிறு கேடிஎம் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். சுவிட்சின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, தூக்கிக் காட்டினேன். "இவ்வளவுதானா!" என்று அம்மா சிரித்தார். அன்று விழித்திருந்தேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.