பையில் இருந்த இரண்டு மாங்கனி!

ஆனி மாதம்... காரைக்கால் பாரதியார் வீதி. வெயில் ஏறுவதற்கு முன்பே தெருவின் இரு பக்கமும் ஜனக்கூட்டம். வீட்டு வாசல்களில் மாக்கோலம். தாம்பாளத்தில் பட்டும் பழமும். மாடிகளில் கூடை கூடையாக மாம்பழங்கள். கீழே, அப்பாக்களின் தோளில் குழந்தைகள். முந்தானையை விரித்துப் பிடித்தபடி பெண்கள்!

பவழக்கால் சப்பரத்தில் பிட்சாடன மூர்த்தி அசைந்து அசைந்து வருகிறார். மேளமும் சங்கும் முழங்க, மாடிகளிலிருந்து மாங்கனி மழை! பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்ணின் மடியில் ஒரு கனி விழுந்துவிட்டால், அடுத்த வருடமே அந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நம்பிக்கை. வேண்டுதல் பலித்தவர்கள், குழந்தையோடு வந்து மாம்பழங்களை இறைத்து நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள்.

நானும் ஒரு காலத்தில் இதே வீதியில் முந்தானை விரித்து நின்றவள்தான். இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. '51 மாங்கனி இறைக்கிறோம் தாயே' என்று என் மாமியார் அன்றைக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் குடும்பத்தோடு காரைக்காலுக்குக் கிளம்பினோம். விழா நாளில் இங்கே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. என் மகளுக்கு விடுமுறைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்!

யார் இந்த அம்மை?

முதல் நாள் இரவு, உறவினர் வீட்டுத் திண்ணையில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு மாமியார் கதை சொன்னார்.

காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து வணிகர் குலத்துப் பரமதத்தனுக்கு வாழ்க்கைப்பட்டு, காரைக்காலிலேயே இல்லறம் நடத்தினாள். ஒரு நாள் கடையில் இருந்த கணவனுக்கு யாரோ இரண்டு மாங்கனிகளைக் கொடுக்க, அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பி வைத்தான். அந்த நேரத்தில் பசியோடு ஒரு சிவனடியார் வாசலில் வந்து நின்றார். சோறு வெந்திருந்தது, கறி இன்னும் ஆகவில்லை. அடியாரைக் காத்திருக்க வைக்க மனம் வரவில்லை புனிதவதிக்கு. இருந்த இரண்டில் ஒரு கனியை இலையில் வைத்து அமுது படைத்தாள்.

நடுப்பகலில் கணவன் வந்தான். மீதமிருந்த கனியை உண்டான். 'இன்னொன்றையும் கொண்டு வா' என்றான். அவள் உள்ளே போய், செய்வதறியாமல் ஈசனை நினைத்து உருக, கையில் ஒரு கனி வந்து விழுந்தது. அதன் சுவை வேறாக இருக்கவே, 'இது ஏது?' என்று கேட்டான். நடந்ததைச் சொன்னாள். நம்பாமல், 'அப்படியானால் இன்னொன்று வரவழை' என்றான். அவள் வேண்ட, அதுவும் வந்தது. அவன் வாங்கிய கணமே மறைந்தும் போனது!

மனைவியைத் தெய்வமாகக் கண்டு அஞ்சியவன், கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்தான். பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். பின்னாளில் உறவினர்கள் அவளை அழைத்துப்போய் நிறுத்தியபோது, மனைவி, மகளோடு அவள் காலில் விழுந்து வணங்கினான். அந்த நிமிடமே, கணவனுக்காகச் சுமந்திருந்த அழகை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டுப் பெற்றாள். கயிலை மலையில் கால் பதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனவளை, பெற்றோர் இல்லாத அந்தப் பெருமான், 'அம்மையே!' என்று அழைத்தார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் வரலாறு இது.

மகளுக்கு இரண்டே இரண்டு விஷயங்கள்தான் மனதில் பதிந்தன. ஒன்று, தலையால் நடந்தது; இன்னொன்று, இரண்டு மாம்பழம்.

கணக்கு சரிதான்... மனசு?

மறுநாள் காலை மாடியில் நின்று இறைத்தோம். 'ஒண்ணு, ரெண்டு...' என்று எண்ணி எண்ணி மகள் எடுத்துக் கொடுக்க, 51 கனிகளும் தீர்ந்தன. கூடை காலி. மாமியார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கீழே இறங்கி வந்தோம். சப்பரம் கடந்து போய்விட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் படியில் இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். விரித்த முந்தானை விரித்தபடியே மடியில் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டி' என்று அவள் தாயார் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அறிவேன். ஒரு வருடம் அது என் முகமாக இருந்தது.

மகள் என் கையைச் சுரண்டினாள். 'அந்த அத்தைக்கு ஒண்ணுமே கிடைக்கலைம்மா. நம்மகிட்ட ரெண்டு இருக்கே?'

எனக்குத் திக்கென்றது. சந்தையில் 53 பழங்கள் வாங்கி, அவற்றில் நன்கு பழுத்து மணந்த இரண்டை மட்டும் தனியே எடுத்து என் பையில் வைத்திருந்தேன். நேர்ந்துகொண்டது 51. கொடுத்ததும் 51. கணக்கில் ஒரு குறையும் இல்லை!

'அது வீட்டுக்குடா கண்ணு' என்றேன், மெதுவான குரலில்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: 'புனிதவதி வீட்டுலயும் ரெண்டுதானேம்மா இருந்துச்சு?'

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையைத் திறந்து ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஓடிப்போய் அந்தப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பெண் பழத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். 'நிச்சயம் பிள்ளை பிறக்கும்' என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அது என் கையில் இல்லை. பழம்தான் என் கையில் இருந்தது.

அன்பு வாசகர்களே! புனிதவதி தந்தது மிச்சத்தை அல்ல. வீட்டுக்கென்று வந்ததிலிருந்து எடுத்துத் தந்தாள். அதனால்தான் அந்த ஒற்றைக் கனியை இத்தனை நூற்றாண்டுகளாக ஊரே கொண்டாடுகிறது. நாமோ, நல்லதை வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மற்றதைச் சாமிக்கும் அடுத்தவர்க்கும் எண்ணிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதைவிட நம் பையைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். 'கொடுத்துப் பழகு' என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, நாம் கொடுப்பதை அவர்கள் ஒருமுறை பார்த்தால் போதும்.

குழந்தையோடு போகிறீர்களா?

இந்த விழாவே பிள்ளைகளுக்குக் கதை சொல்வது போலத்தான் நடக்கிறது. மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் திருக்கல்யாணம், பௌர்ணமியன்று மாங்கனி இறைத்தல், அன்று மாலை அம்மையார் இறைவனுக்கு அமுது படைத்தல் என ஒவ்வொரு காட்சியாக விரியும். நிறைவாக, விடிவதற்கு முன், மின்விளக்குகளை அணைத்துவிட்டு, அம்மையார் இறைவனைச் சேரும் காட்சி. அந்த இருட்டில் கைக்குழந்தைகள்கூட அழாமல் விழித்துப் பார்ப்பதைக் கண்டேன்.

மாங்கனி இறைக்கும் நேரத்தில் குழந்தையோடு கூட்டத்துக்கு நடுவே நிற்க வேண்டாம். பழம் தலையில் விழுந்தால் வலிக்கும், தள்ளுமுள்ளும் உண்டு. திண்ணையோ மாடியோ நல்லது. சட்டைப் பையில் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். விழா முடிந்ததும் அரசலாறு கடலோடு கலக்கும் கடற்கரையில் மாலையில் விளையாட விடலாம். திருநள்ளாறு 5 கி.மீ. தொலைவுதான். நாகப்பட்டினத்திலிருந்து சுமார் 20 கி.மீ.; நாகூர் வழியாக ரயிலும் உண்டு.

ஊர் திரும்பிய பிறகும் இந்த யாத்திரை முடியாது. உங்கள் ஊர்ச் சிவாலயத்தில் அறுபத்துமூவர் வரிசை முன் குழந்தையை நிறுத்தி, 'இதில் உட்கார்ந்திருப்பது யார், கண்டுபிடி!' என்று கேளுங்கள். எல்லோரும் நின்றிருக்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பார். கங்கைகொண்ட சோழபுரம் போனால், ஆடும் பெருமானின் அடியில் தாளமிடும் அவரைக் காட்டுங்கள். கடல் கடந்து, கம்போடியாவின் 10-ஆம் நூற்றாண்டு பண்டேஸ்ரீ கோயிலிலும் ஆடும் ஈசன் அருகே இருக்கிறார் இந்தக் காரைக்கால் தாய்!

அன்று இரவு வீடு திரும்பி, பையில் எஞ்சிய அந்த ஒற்றைக் கனியை நறுக்கினேன். நான்கு பேருக்கு நான்கு துண்டுகள். மகள் தன் பங்கில் பாதியைப் பாட்டியின் வாயில் ஊட்டினாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அம்மையே, போற்றி!